கேலக்ஸியின் உருவத்தை அதன் சுற்றுப்புறம் எவ்வாறு மாற்றுகிறது?

கோமா கொத்து என்னும் கேலக்ஸிக் கூட்டம் நம்மிடமிருந்து ஏறத்தாழ 32 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் அதில் அடங்கியுள்ளன. அதன் மையப் பகுதியின் படத்தை எடுத்துப் பார்த்தால், சுருள் கைகளும் நீல நிற இளம் விண்மீன்களும் கொண்ட கேலக்ஸிகள் அரிதாகவே தென்படும். மஞ்சளும் செம்மையும் கலந்த, கைகள் ஏதுமற்ற, வழவழப்பான கேலக்ஸிகளே நிறைந்திருக்கும். கொத்துகளுக்கு வெளியே, பெரிய துணை ஏதுமின்றித் தனித்திருக்கும் கேலக்ஸிகளைப் பார்த்தாலோ நிலைமை தலைகீழாக இருக்கிறது. அங்கே பெரும்பாலானவை சுருள் கேலக்ஸிகள். ஒரே பேரண்டத்தில், அதே ஹைட்ரஜனிலும் ஹீலியத்திலும் இருந்து பிறந்தவை, இருக்கும் இடத்தைப் பொறுத்து இவ்வளவு வேறுபடுவது ஏன்?

இதற்கான விடையில் பல இயக்கங்கள் பங்கு பெறுகின்றன. அவற்றின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் ஒன்றும் விளங்காது. ஒரு கேலக்ஸி தன் அண்டை கேலக்ஸிகளை எவ்வளவு வேகத்தில் கடந்து செல்கிறது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டால், குழுவில் நடப்பது எது, கொத்தில் நடப்பது எது என்பது பெரும்பாலும் தானாகவே பிரிந்து தெரியும். இக்கட்டுரை அந்த வழியிலேயே செல்கிறது.

முதலில், கேலக்ஸியின் கட்டமைப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். சுருள் கேலக்ஸியில் விண்மீன்களும் வாயுவும் ஒரு மெல்லிய தட்டில் ஒரே திசையில் சுற்றி வருகின்றன. நடுவில் வயதான விண்மீன்கள் செறிந்த ஒரு புடைப்பு இருக்கும். தட்டில் உள்ள குளிர்ந்த வாயு ஆங்காங்கே திரண்டு புதிய விண்மீன்களாக மாறுவதால்தான் சுருள் கைகள் நீலமாக ஒளிர்கின்றன. நீள்வட்ட கேலக்ஸியில் தட்டு முதன்மையாக இருப்பதில்லை. அதன் விண்மீன்கள் பல திசைகளிலும் சாய்ந்த பாதைகளில் இயங்குகின்றன, குளிர்ந்த வாயுவும் மிகக் குறைவு. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது வில்லை வடிவ கேலக்ஸி. அதற்குத் தட்டு உண்டு, பெரிய புடைப்பும் உண்டு, ஆனால் கைகள் இல்லை, புதிய விண்மீன் பிறப்பும் ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். ஆகவே ஒரு கேலக்ஸியின் தோற்றம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: அதன் விண்மீன்கள் எவ்விதப் பாதைகளில் இயங்குகின்றன, அதனிடம் வாயு எஞ்சியிருக்கிறதா. சுற்றுப்புறம் இவ்விரண்டையும் மாற்றக்கூடியது. ஆனால் இரண்டையும் ஒரே வழியில் மாற்றுவதில்லை.

அடுத்து, குழு என்பதும் கொத்து என்பதும். ஈர்ப்பு விசையால் பிணைந்த சில பெரிய கேலக்ஸிகளும் அவற்றைச் சூழ்ந்த சிறியவையும் சேர்ந்தது குழு. நமது பால்வழி, ஆண்ட்ரோமெடா, எம் 33 (எம், என்ஜிசி போன்றவை வானியல் பட்டியல்களின் பெயர்கள்) ஆகிய மூன்றும் பல பத்துக் குறுங்கேலக்ஸிகளும் அடங்கிய உள்ளூர்க் குழு இதற்கு எடுத்துக்காட்டு. நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை கேலக்ஸிகள் சேர்ந்தது கொத்து. நமக்கு அருகிலுள்ள பெரிய கொத்து, சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கன்னிக் கொத்து. எண்ணிக்கையைவிட முக்கியமான வேறுபாடு நிறையில் இருக்கிறது. நிறை கூடினால் ஈர்ப்புப் பள்ளம் ஆழமாகும். பள்ளம் ஆழமானால் உள்ளே இயங்குபவற்றின் வேகம் கூடும். குழுவில் கேலக்ஸிகள் ஒன்றையொன்று சார்ந்து நொடிக்கு 100 முதல் 300 கி.மீ. வேகத்தில் நகர்கின்றன. கோமா கொத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 1,000 கி.மீ. இந்த வேகத்தைக் கொண்டுதான் 1933-இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அக்கொத்தைக் கட்டிவைக்கப் போதாது என்று கணக்கிட்டுக் கரும்பொருளின் தேவையைச் சுட்டிக்காட்டினார்.

கொத்துக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. அதன் கேலக்ஸிகளுக்கு இடையிலான வெளி வெறுமையானது அன்று. கொத்தின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலானது, கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயுவாக அந்த இடைவெளியில் பரவியிருக்கிறது. கேலக்ஸிகளில் உள்ள விண்மீன்கள் அனைத்தையும் கூட்டினாலும் அந்த வாயுவின் நிறைக்கு ஈடாகாது. 1970-இல் ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள், கொத்துகள் எக்ஸ் கதிர்களை வலிமையாக உமிழ்வதைக் காட்டிய பிறகே இந்த வாயுவின் முக்கியத்துவம் விளங்கத் தொடங்கியது.

இடத்துக்கும் உருவத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பது எட்வின் ஹபிள் காலத்திலேயே தெரிந்திருந்தது. அதை அளந்து காட்டியவர் ஆலன் டிரெஸ்லர். 1980-இல் அவர் 55 கொத்துகளிலுள்ள சுமார் 6,000 கேலக்ஸிகளை ஒவ்வொன்றாக வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் மிக அருகில் இருக்கும் 10 கேலக்ஸிகளைக் கொண்டு அந்த இடத்தின் நெருக்கத்தைக் கணக்கிட்டார். நெருக்கம் குறைந்த இடங்களில் பெரும்பான்மையாக இருந்த சுருள் கேலக்ஸிகள், நெருக்கம் கூடக் கூடப் படிப்படியாகக் குறைந்து, மிக நெருக்கமான மையங்களில் பத்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்தன. நீள்வட்டங்களும் வில்லை வடிவ கேலக்ஸிகளும் அதே படிகளில் ஏறின. இந்தத் தொடர்பு கொத்துகளோடு நின்றுவிடவில்லை. சிறிய குழுக்களிலும் நீள்கிறது என்பதை 1984-இல் மார்க் போஸ்ட்மன், மார்கரெட் கெல்லர் ஆகியோர் காட்டினர். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உருமாற்றம் என்பது கொத்தின் சூடான மையத்தில் மட்டும் நடக்கும் வேலை என்றால், குழுக்களில் அதன் சுவடு தெரிந்திருக்கக் கூடாது.

குழுவில் என்ன நடக்கிறது என்பதை இப்போது பார்க்கலாம். இரண்டு கேலக்ஸிகள் ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கும்போது, ஒவ்வொன்றின் அருகாமைப் பக்கத்தை மற்றொன்று வலுவாகவும், தொலைவான பக்கத்தை மெதுவாகவும் இழுக்கிறது. இந்த வேறுபாடே ஓத விசை. அதனால் தட்டு நீள்கிறது, வளைகிறது, அதன் ஓரத்திலிருந்து விண்மீன்களும் வாயுவும் நீண்ட வால்களாக உருவப்படுகின்றன. கடந்துபோகும் வேகம் இங்கேதான் நுழைகிறது. பால்வழியின் தட்டில் விண்மீன்கள் நொடிக்கு 220 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில் சுற்றுகின்றன. குழுவில் இரு கேலக்ஸிகள் ஒன்றையொன்று கடக்கும் வேகமும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆகவே ஒரு கேலக்ஸி அருகில் இருக்கும் காலமும், மற்றொன்றின் விண்மீன்கள் தம் பாதையில் கணிசமான தொலைவு நகர்வதற்கு ஆகும் காலமும் ஒத்துப்போகின்றன. இழுப்பு போதிய நேரம் நீடிக்கிறது. அந்த மோதலின் இயக்க ஆற்றல் விண்மீன்களின் அலைச்சலாகவும் கரும்பொருளின் அலைச்சலாகவும் மாறிவிட, இரண்டும் தப்பிச் செல்ல முடியாமல் திரும்பத் திரும்பச் சுற்றி இறுதியில் ஒன்றாகக் கலக்கின்றன.

1972-இல் அலார் டூம்ரி, ஜூரி டூம்ரி என்ற சகோதரர்கள், அன்றைய கணினியின் எளிய கணக்கீடுகளைக் கொண்டே, நெருங்கிக் கடக்கும் இரு தட்டுகளிலிருந்து பாலங்களும் வால்களும் எவ்வாறு எழுகின்றன என்று காட்டினர். ஆன்டெனா கேலக்ஸிகள் எனப்படும் என்ஜிசி 4038, 4039 ஆகியவற்றின் வளைந்த நீண்ட வால்களும் அக்கணக்கில் வெளிப்பட்டன. சம நிறையுள்ள இரு தட்டுகள் கலந்தால், ஒழுங்கான சுழற்சி சிதைந்து, விண்மீன்களின் பாதைகள் பல திசைகளில் கலைந்துபோகின்றன. நீள்வட்ட கேலக்ஸி உருவாகும் முக்கிய வழிகளில் இது ஒன்று. எல்லா இணைப்பும் அப்படி முடிவதில்லை. வாயு மிகுதியாக இருந்தால் இணைப்புக்குப் பிறகு புதிய தட்டு உருவாகவும் வாய்ப்பு உண்டு.

ஓத விசையின் வேலையை மிக அருகில் பார்க்க வேண்டுமென்றால், 1.2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம் 81 குழுவைப் பார்க்க வேண்டும். சாதாரணத் தொலைநோக்கிப் படத்தில் எம் 81, எம் 82, என்ஜிசி 3077 ஆகிய மூன்றும் தனித்தனியே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோல நிற்கின்றன. எம் 81 அழகான சுருள். அதைப் பார்த்து எந்தக் குழப்பமும் நடந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் குளிர்ந்த ஹைட்ரஜன் வெளியிடும் 21 செ.மீ. ரேடியோ அலையில் எடுத்த வரைபடங்கள், மூன்றையும் இணைத்து நீளும் வாயுப் பாலங்களைக் காட்டுகின்றன. சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அவை ஒன்றையொன்று நெருங்கிச் சென்றதன் விளைவு அது. அந்த நெருக்கத்தில் எம் 82-இன் வாயு மையத்தை நோக்கித் தள்ளப்பட்டது. இன்று அதன் நடுப்பகுதியில் விண்மீன்கள் மிகத் தீவிரமாகப் பிறக்கின்றன, அவற்றின் ஆற்றல் வாயுவைத் தட்டுக்கு மேலும் கீழும் பீய்ச்சி அடிக்கிறது. ஒளிப்படத்தை மட்டும் நம்பினால் சுற்றுப்புறத்தின் கைவரிசையில் பாதி தெரியாமலே போய்விடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

குழுவின் விளைவு சிறிய கேலக்ஸிகளில் இன்னும் கடுமையானது. பால்வழியிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் ஒளியாண்டுக்குள் இருக்கும் குறுங்கேலக்ஸிகளில், இரண்டு மகெல்லன் மேகங்களைத் தவிர்த்தால், ஏனையவற்றில் குளிர்ந்த வாயு காணப்படுவதில்லை. அதற்கு அப்பால், தனித்துத் திரியும் குறுங்கேலக்ஸிகளிலோ வாயு பெரும்பாலும் இருக்கிறது. 1994-இல் கண்டறியப்பட்ட தனுசுக் குறுங்கேலக்ஸி, பால்வழியின் ஓத விசையால் இப்போதும் கிழிபட்டு, அதன் விண்மீன்கள் வானைச் சுற்றி ஒரு நீண்ட ஓடையாக நீண்டு கிடக்கின்றன.

கொத்துக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. அங்கே இரண்டு கேலக்ஸிகள் நொடிக்கு 1,000 கி.மீ. அல்லது அதற்கும் மேலான வேகத்தில் ஒன்றையொன்று கடந்துவிடுகின்றன. விண்மீன்கள் இழுப்பை உணர்ந்து நகர்வதற்குள் மற்றது போய்விடுகிறது. இதனால் கேலக்ஸிகள் மிக நெருக்கமாக இருந்தும், கொத்துக்குள் இணைப்புகள் அரிது. நெருக்கம் கூடினால் இணைப்பும் கூடும் என்று முதலில் தோன்றுவது இயல்பே. வேகத்தைக் கணக்கில் எடுத்தவுடன் அந்த எண்ணம் மாறிவிடும். ஆனால் இணைப்பைத் தடுக்கும் அதே வேகம், வேறொரு வேலையை வலுவாகச் செய்கிறது.

காற்றே வீசாத நாளில் இருசக்கர வண்டியில் விரைந்து சென்றாலும் முகத்தில் காற்று அறைகிறது அல்லவா? அசையாமல் நிற்கும் காற்றுக்குள் நாம் நகர்வதே அதற்குக் காரணம். கொத்தின் சூடான வாயுவுக்குள் பாயும் கேலக்ஸிக்கும் இப்படித்தான் எதிர்க்காற்று வீசுகிறது. அந்த வாயு நம்ப முடியாத அளவுக்கு மெல்லியது. கொத்தின் மையப் பகுதிகளில்கூட ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு ஒன்றிரண்டு துகள்கள் என்ற அளவே இருக்கும். இருந்தும் அதன் அழுத்தம் பொருட்படுத்த வேண்டியதாக இருப்பதற்குக் காரணம், அது வாயுவின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தையும் பொறுத்தது என்பதே. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். குழுவில் நொடிக்கு 200 கி.மீ. வேகத்தில் சென்ற அதே கேலக்ஸி, கொத்தில் 1,000 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, அடர்த்தி மாறாமல் இருந்தாலும் 25 மடங்கு அழுத்தத்தைச் சந்திக்கிறது. 1972-இல் ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் ஆகிய இருவரும் இந்த அழுத்தத்தைத் தட்டின் ஈர்ப்புப் பிடியோடு ஒப்பிட்டனர். எங்கே எதிர்க்காற்றின் அழுத்தம் பிடியை மிஞ்சுகிறதோ, அங்கே வாயு உரிந்து போகும். தட்டின் ஓரத்தில் பிடி தளர்ந்தது, மையத்தில் இறுக்கமானது. ஆகவே உரிதல் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி நடக்கிறது.

இந்த எதிர்க்காற்று வாயுவை மட்டுமே தள்ளும். விண்மீன்கள் தம் இடைவெளியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. அவற்றின் மீது அதன் தாக்கம் இல்லை என்றே சொல்லலாம். ஓத விசையோ வாயு, விண்மீன் என்ற பாகுபாடு பார்ப்பதில்லை. இந்த வேறுபாடு ஆய்வாளர் கையில் இருக்கும் மிகப் பயனுள்ள கருவி. ஒரு கேலக்ஸியின் வாயு கலைந்திருந்து, விண்மீன் தட்டு ஒழுங்காக இருந்தால் எதிர்க்காற்றின் மீது ஐயம் கொள்ளலாம். இரண்டும் கலைந்திருந்தால் அண்டை கேலக்ஸியைத் தேட வேண்டும். கன்னிக் கொத்திலுள்ள என்ஜிசி 4522 என்ற சுருள் கேலக்ஸி முதல் வகைக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் விண்மீன் தட்டில் குலைவு எதுவும் இல்லை. குளிர்ந்த ஹைட்ரஜனோ தட்டின் உட்பகுதியோடு வெட்டினாற்போல் நின்றுவிடுகிறது. அதற்கு வெளியே இருந்திருக்க வேண்டிய வாயு தட்டை விட்டு எழும்பி ஒரு பக்கமாகத் தொங்குகிறது. அந்தக் கேலக்ஸியின் ஹைட்ரஜனில் சுமார் 40 சதவீதம் இவ்வாறு தட்டுக்கு வெளியே இருக்கிறது.

இன்னும் உக்கிரமான காட்சியை 22 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள நார்மா கொத்தில் காணலாம். அங்கே இஎஸ்ஓ 137-001 என்ற சுருள் கேலக்ஸியின் பின்னால், எக்ஸ் கதிரில் ஒளிரும் வாயு வால் 2 லட்சம் ஒளியாண்டுக்கும் மேல் நீள்கிறது. உரிந்துபோன வாயுவில் ஒரு பகுதி குளிர்ந்து திரண்டு, கேலக்ஸிக்கு வெளியே, அந்த வாலிலேயே புதிய விண்மீன்களைப் பெற்றெடுத்துக்கொண்டிருக்கிறது. தோற்றத்தை வைத்து இத்தகையவற்றை ஜெல்லிமீன் கேலக்ஸிகள் என்று அழைக்கிறார்கள்.

எல்லாக் கேலக்ஸிகளும் இப்படி வன்முறையாக வாயுவை இழப்பதில்லை. பால்வழி போன்ற ஒரு கேலக்ஸி தன் தட்டிலுள்ள வாயுவை விண்மீன்களாக்கிச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து புது வாயு வந்து சேராவிட்டால் அந்த இருப்பு சில நூறு கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும். தட்டைச் சூழ்ந்து பரந்திருக்கும் வாயு உறைதான் அந்த வரத்துக்கு ஆதாரம். அந்த உறை தளர்ந்த பிடியில் இருப்பதால், கொத்திலோ பெரிய குழுவிலோ நுழைந்தவுடன் முதலில் பறிபோவதும் அதுவே. தட்டில் உள்ள வாயுவை யாரும் தொடுவதில்லை; ஆனால் வரத்து நின்றுவிட்டது. கேலக்ஸி மெதுவாகப் பட்டினியில் வாடி, கைகள் மங்கி, நிறம் சிவக்கிறது. 1980-இல் ரிச்சர்ட் லார்சன், பியாட்ரிஸ் டின்ஸ்லி, நெல்சன் கால்டுவெல் ஆகியோர் முன்வைத்த கருத்து இது. இத்துடன், கொத்தில் ஒரு சிறிய தட்டுக் கேலக்ஸி பல பெரியவற்றை வேகமாகக் கடந்து செல்லும்போது பெறும் குறுகிய அதிர்வுகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து அதன் தட்டைப் பருமனாக்கிக் குலைக்கின்றன.

வில்லை வடிவ கேலக்ஸிகளின் கதை இங்கே வந்து சேர்கிறது. வாயுவை இழந்து கைகள் மங்கிய சுருள் கேலக்ஸிதான் வில்லை வடிவம் என்று சொல்லிவிட்டால் எளிதாக இருக்கும். அதற்கு வலுவான ஆதரவும் உண்டு: 1978-இல் ஹார்வி புட்சர், அகஸ்டஸ் எம்லர் இருவரும், ஒளி வந்து சேர நெடுங்காலம் ஆவதால் தம் பழைய நிலையிலேயே நமக்குத் தெரியும் தொலைதூரக் கொத்துகளில் நீல நிற கேலக்ஸிகள் எதிர்பாராத அளவுக்கு மிகுந்திருப்பதைக் கண்டனர், பின்னர் ஹபிள் தொலைநோக்கி, அந்தப் பழைய கொத்துகளில் சுருள் கேலக்ஸிகள் மிகுதியாகவும், வில்லை வடிவங்கள் இன்றைவிடக் குறைவாகவும், நீள்வட்டங்கள் ஏறக்குறைய இன்றைய அளவிலேயும் இருந்ததைக் காட்டியது. சுருள்கள் குறைந்த இடத்தில் வில்லைகள் பெருகியுள்ளன என்பது தெளிவு. ஆனால் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. பல வில்லை வடிவ கேலக்ஸிகளின் மையப் புடைப்பு, சாதாரணச் சுருள் கேலக்ஸியின் புடைப்பைவிடப் பெரியது. வாயுவை உரிப்பதால் தட்டு மங்குமே தவிர, புடைப்பு வளராது. புடைப்பை வளர்க்க, வாயு மையத்துக்குத் தள்ளப்பட்டு விண்மீன்களாக வேண்டும், அல்லது சிறிய கேலக்ஸிகள் வந்து கலக்க வேண்டும். அது குழுவின் வேலை.

ஆகவே கொத்தில் இன்று நாம் காணும் பல கேலக்ஸிகள், அங்கே வந்து சேரும் முன்பே குழுவில் பாதி உருமாறியவை என்று கொள்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. பேரண்டத்தில் கட்டமைப்பு சிறியதிலிருந்து பெரியதாக வளர்கிறது. கொத்து என்பதே குழுக்களும் தனிக் கேலக்ஸிகளும், பேரண்டத்தில் கேலக்ஸிகள் நீளவாக்கில் திரண்டிருக்கும் இழைகளின் வழியே வந்து விழுந்து சேர்ந்த தொகுதி. மெதுவான வேகத்தில் இணைப்பும் ஓத விசையும் விண்மீன்களின் பாதைகளை மாற்றும் பணியைக் குழு செய்கிறது; விரைந்த வேகத்தில் வாயுவைப் பறிக்கும் பணியைக் கொத்து செய்கிறது. கொத்தின் நட்ட நடுவில் மட்டும் இதற்கு ஒரு விலக்கு உண்டு. அங்கே நிலைகொண்ட பெரிய கேலக்ஸியை நோக்கி, கனமானவை வேகம் இழந்து மெல்ல மெல்ல அமிழ்ந்து வந்து கலக்கின்றன. கன்னிக் கொத்தின் எம் 87 அவ்வாறு பெருத்த ஒன்று. கோமா கொத்தின் மையத்தில் என்ஜிசி 4889, என்ஜிசி 4874 என இரண்டு பெருங்கேலக்ஸிகள் இருப்பது, வெவ்வேறு கூட்டங்கள் அங்கே வந்து சேர்ந்ததைக் காட்டும் அடையாளம்.

எல்லாவற்றையும் சுற்றுப்புறத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. நிறைமிகுந்த கேலக்ஸிகள் தனிமையில் இருந்தாலும் விண்மீன் பிறப்பை நிறுத்திக்கொள்ளும் போக்குடையவை. மையக் கருந்துளையின் ஆற்றல் அதில் பங்கு பெறுகிறது என்று கருதப்படுகிறது. நெருக்கமான இடங்களில் நிறைமிகுந்தவை கூடுதலாக இருப்பதால், இடத்தின் விளைவையும் நிறையின் விளைவையும் குழப்பிக்கொள்வது எளிது. 2010-இல் யிங்ஜீ பெங்கும் உடன் ஆய்வாளர்களும் பெரும் வான் அளவீடுகளைக் கொண்டு, விண்மீன் பிறப்பு நிற்பதில் இவ்விரு விளைவுகளையும் தனித்தனியே பிரித்தறிய முடியும் என்று காட்டினர்.

குழு கொத்தாக மாறும் தருணத்தையே பார்க்க விரும்புவோர் எம் 86-ஐ நோக்கலாம். கன்னிக் கொத்து முழுவதும் நம்மை விட்டு நொடிக்கு 1,000 கி.மீ.க்கும் கூடுதலான வேகத்தில் விலகிச் செல்கிறது. அதிலுள்ள எம் 86-ஓ நம்மை நோக்கி நொடிக்கு 200 கி.மீ.க்கு மேலான வேகத்தில் வருகிறது. அப்படியென்றால் அது கொத்தின் பின்புறத்திலிருந்து ஏறத்தாழ 1,300 கி.மீ. வேகத்தில் உள்ளே விழுந்துகொண்டிருக்கிறது. தன்னைச் சூழ்ந்த சிறு கேலக்ஸிகளுடன் ஒரு குழுவாகவே அது வருகிறது. அதன் சூடான வாயு எக்ஸ் கதிர்ப் படங்களில் நீண்ட வாலாகப் பின்தங்குகிறது. அருகிலுள்ள என்ஜிசி 4438 என்ற குலைந்த சுருள் கேலக்ஸிக்கும் அதற்கும் இடையே ஒளிரும் ஹைட்ரஜன் இழைகள் நீள்கின்றன. அந்தச் சுருளின் விண்மீன் தட்டும் வளைந்து குலைந்திருக்கிறது, வாயுவும் தட்டை விட்டுத் தள்ளப்பட்டிருக்கிறது. ஓத விசையின் கைவரிசையையும் எதிர்க்காற்றின் கைவரிசையையும் ஒரே வான்பரப்பில், ஒரே சமயத்தில் காணக் கிடைக்கும் இடம் அது.